அடங்காத பிள்ளைக்குக் கல்லெறி: கடுமையான தோரா சட்டத்தை ரபீக்களின் உரையோடு படிக்கும் முறை

தாய் தகப்பன் சொல் கேளாத ‘அடங்காத துஷ்டப்பிள்ளை’யை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) உபாகமம் 21:18-21. இதைப் படித்ததும் உரைக்குத் தாவாமல், வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். ரபீக்கள், அதாவது யூதச் சட்ட அறிஞர்கள், சட்டத்தை அடித்துவிடுவதில்லை. அதன் ஒவ்வொரு சொல்லையும் ஒரு நிபந்தனையாக்குகிறார்கள். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் எந்த நிபந்தனை எங்கிருந்து முளைத்தது என்றே பிடிபடாது.

அடுத்து மிஷ்னா, அதாவது ரபீக்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு. இந்தச் சட்டம் அதன் சன்ஹெத்ரின் பகுதியின் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ‘பிடித்து’ என்பதால் பெற்றோர் இருவரில் ஒருவருக்கும் கை ஊனமாக இருக்கக் கூடாது. ‘கொண்டுபோய்’ என்பதால் கால். ‘சொல்ல வேண்டும்’ என்பதால் பேச்சு. ‘இவன்’ என்று சுட்டுவதால் பார்வை. இருவரில் ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் வழக்கு இல்லை. பையன் தகப்பனிடம் திருடி, வேறொருவர் இடத்தில் போய்த் தின்றிருக்க வேண்டும். அவன் தின்ற இறைச்சிக்கு ஓர் எடை வரம்பு, குடித்த மதுவுக்கு அரை லோக் (பழைய யூத முகத்தல் அளவு), அதாவது மூன்று முட்டை கொள்ளளவு. முதலில் மூன்று நீதிபதிகள் முன் எச்சரிக்கையும் கசையடியும். மறுபடி செய்தால்தான் 23 பேர் மன்றம், அதிலும் அந்த மூவர் இருந்தாக வேண்டும்.

தமிழ் பைபிளை மட்டும் வைத்துப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நாம் ‘எங்கள் சொல்லைக் கேளான்’ என்று படிப்பது எபிரேயத்தில் ‘எங்கள் குரல்’, அதுவும் ஒருமை. அதைப் பிடித்துக்கொண்டு தாய்க்கும் தகப்பனுக்கும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும், அப்படியானால் தோற்றமும் உயரமும் கூட, என்கிறது ரபி யெகூதாவின் வாதம். இப்படிப்பட்ட ஜோடியை எங்கே தேடுவது? அதனால் எபிரேய மூலத்தை, சொல்லுக்குச் சொல் பொருளோடாவது, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கெமாரா, அதாவது மிஷ்னா மீது பின்வந்த ரபீக்கள் நடத்திய விவாதம். இரண்டும் சேர்ந்ததுதான் தால்முத். பாபிலோனிய தால்முத்தை ஏட்டு எண்ணால் தேட வேண்டும். ஏடு ஒன்றுக்கு இரண்டு பக்கம். சன்ஹெத்ரின் 71ஆம் ஏட்டின் முதல் பக்கத்தில், ‘இப்படி ஒரு பிள்ளை இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை; ஆராய்ந்து பலன் பெறவே எழுதப்பட்டது’ என்று வருகிறது. பெரும்பாலோர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அது தவறு. அதே பக்கத்தில் ரபி யோனத்தான், ‘நான் அவனைக் கண்டேன், அவன் கல்லறை மேல் உட்கார்ந்தேன்’ என்று மறுக்கிறார். இடைக்கால உரையாசிரியர் ரஷியின் உரையும் மென்மையானதல்ல: அவன் பின்னாளில் வழிப்பறிக்காரனாவான், அந்த முடிவை வைத்தே தண்டனை என்ற தால்முத் விளக்கத்தையே எடுத்துத் தருகிறார்.

இதே வழியில் ‘கண்ணுக்குக் கண்’ணையும் படித்துப் பாருங்கள். மிஷ்னாவின் பாவா கம்மா பகுதி, 8:1 அதைப் பண ஈடாக்கி ஐந்தாகப் பிரிக்கிறது: சேதம், வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம். ஆதாரங்களில் ஒன்று எண்ணாகமம் 35:31. கொலைகாரனின் உயிருக்கு மீட்புப் பணம் வாங்காதே என்றால், உறுப்புக்கு வாங்கலாம் என்றாகிறது. இங்கும் ரபி எலியேசர் ‘நிஜக் கண்தான்’ என்கிறார். கெமாரா அதை அப்படியே விடாமல் விளக்கிச் சமாளிக்கிறது.

குறிப்பெடுக்கும்போது ‘ரபீக்கள் சொன்னார்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள், பெயரைப் போடுங்கள். மிஷ்னாவின் மக்கோத் பகுதி 1:10இல் ரபி தர்போனும் ரபி அகிபாவும், தாங்கள் சன்ஹெத்ரின் எனும் யூத நீதிமன்றத்தில் இருந்திருந்தால் ஒருவருக்கும் மரண தண்டனை நடந்திராது என்கிறார்கள். அடுத்த வரியிலேயே ரபான் சீமோன் பென் கமாலியேல், அவர்கள் கொலைகாரர்களைப் பெருகச் செய்திருப்பார்கள் என்கிறார். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.