சக்கரத்துக்கு பிரஷர் வாஷ்: ஒரு முழம் தள்ளி நில்லுங்க
டயர் மேல் பிரஷர் வாஷ் அடிக்கும்போது கன் முனையை ஒரு முழமாவது தள்ளிப் பிடிங்க. தண்ணீர் விசிறி மாதிரி விரிஞ்சு விழணும். கிட்ட வைத்து ஒரே இடத்தில் அடித்தால் டயரின் பக்கவாட்டு ரப்பர் சேதமாகும். அது வெளியே தெரியாமலும் இருக்கும், பிறகு ஓட்டத்தில் வெடிக்கலாம். சக்கரத்தின் நடுவே குறிவைக்கவே வேண்டாம்: பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீல் தாண்டித் தண்ணீர் ஏறினால் உள்ளே இருக்கும் கிரீஸ் போச்சு.

கோதையாறு மலையிறங்கி வந்த சூட்டோடும் அடிக்காதீங்க. பிரேக் டிஸ்க் கோணிப்போக வாய்ப்புண்டு. தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

முட்டம், குளச்சல் போய்வந்த உப்புக்கும் மணலுக்கும் இந்த மிஷினே தேவையில்லை, வீட்டு ஓஸ் போதும், காசும் மிச்சம். மட்கார்டு உள்பக்கம் அப்பிய செம்மண்ணுக்கு மட்டும் முழக்கணக்கு வேண்டாம். கொஞ்சம் நெருங்கலாம், டயரில் படாமல்.