பார்ட்னர் படுத்துவிட்டால் கம்பெனி நிற்காமலிருக்க

திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோவை பவுண்டரியோ, முதலில் பார்ட்னர்ஷிப் டீடை, அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை, எடுத்துப் படியுங்கள். ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும் என்று எழுதாவிட்டால், 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி நிறுவனம் அன்றோடு கலைந்துவிடும். இரண்டே பேர் என்றால் எழுதியிருந்தும் பயனில்லை. ஒற்றை ஆளை வைத்துக் கூட்டு கிடையாது. மகனையோ மனைவியையோ சிறு பங்கோடு இப்போதே மூன்றாவது பார்ட்னராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை தொடங்குவது, இறந்தவர் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய பங்கின் விலையில்தான். பேலன்ஸ் ஷீட்டில் நிட்டிங் மெஷின் தேய்மானம் போக மிச்சமாக நிற்கும். பல்லடம் ரோட்டு இடமோ வாங்கின விலையிலேயே கிடக்கும். அந்தத் தொகையை நீட்டினால் எந்த வீட்டார் ஒத்துக்கொள்வார்கள்? இடத்துக்குச் சந்தை விலை, ஸ்டாக், வரவேண்டிய பில், தவணை, வட்டி எல்லாம் கணக்கிடும் முறையை டீடிலேயே எழுதுங்கள். வருடா வருடம் மார்ச் கணக்கு முடிந்ததும் தொகையைக் குறித்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மாற்று ஏற்பாடு எழுதாமல், கணக்கும் தீர்க்காமல் தொழிலை ஓட்டினால், வாரிசுகள் லாபத்தில் பங்கோ 6% வட்டியோ கேட்கலாம். 37ஆம் பிரிவு அப்படி. கொடுக்கிற பணத்துக்கு ஒவ்வொருவர் பேரிலும் டேர்ம் பாலிசி (ஆள் இறந்தால் பணம் தரும் ஆயுள் காப்பீடு) போதும்.

பக்கவாதம் மாதிரி நோய்க்குப் பவர் பத்திரத்தை நம்பாதீர்கள். எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அதுவும் செல்லாது. பேங்கில் இருவரும் சேர்ந்தே கையெழுத்து என்று இருந்தால் சனிக்கிழமை கூலியே நின்றுவிடும். மூவரில் யாராவது இருவர் என்று மாற்றிவிடுங்கள்.