டெல்டா மண்ணில் யுரேனியமும் ரேடானும்: அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவின் மண்ணில் யுரேனியத்தையும் ரேடானையும் அளப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கருவியால் வருபவை அல்ல. மண்ணை அள்ளும் வயலிலும் அதை அடைக்கும் டப்பாவிலுமே அவை தொடங்குகின்றன.

காமா நிறமாலையில், அதாவது மண் வெளியிடும் காமா கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்து எண்ணும்போது, யுரேனியம்-238 என்று நாம் குறிப்பது, பல வேளைகளில், அதன் வழிவந்த பிஸ்மத்-214 வெளியிடும் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை எண்ணிப் பெற்ற அளவுதான். யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிஸ்மத் வரும் தொடரின் இடையில் ரேடான் என்னும் வாயு இருப்பதால், மண்ணைக் காயவைத்துச் சலிக்கும்போதே அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. ரேடானின் அரை ஆயுள் 3.82 நாள், எனவே போன அளவில் ஒரு வாரத்தில் சுமார் 72 விழுக்காடும், நான்கு வாரங்களில் 99 விழுக்காட்டுக்கு மேலும் திரும்பச் சேரும். ஏழாம் நாளே எண்ணத் தொடங்குவது தவறு. மூடியின் புரியில் ஒட்டியிருக்கும் சிட்டிகை மண்ணைத் துடைக்காமல் திருகிவிட்டுக் காத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு. அந்த இடுக்கில் ரேடான் கசிந்துகொண்டே இருந்தால் நான்கு வாரமும் வீண். மெல்லிய பாலித்தீன் பையையும் நம்ப வேண்டாம்.

ரேடியத்தின் 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சியில் யுரேனியம்-235இன் கதிரும் கலந்திருப்பதால், அதைப் பிரித்துக் கணக்கிடாமல் முழுவதையும் ரேடியத்துக்கே எழுதிவிடக் கூடாது. ஆற்று நீர் யுரேனியத்தைக் கரைத்துச் செல்லும் வேகமும் ரேடியத்தைக் கரைக்கும் வேகமும் வேறு வேறு என்பதால், வண்டலில் இரண்டும் சமநிலையில், அதாவது ஒரே அளவு கதிரியக்கத்துடன், இருக்கும் என்று முன்கூட்டியே கொள்வதும் சரியன்று.

வயலில் கவனிக்க வேண்டியது ஈரம். மண் துகளைச் சுற்றியுள்ள சிறிதளவு ஈரம் ரேடானைத் துளைகளுக்குள் விடுவிக்க உதவுகிறது. ஆனால் சம்பா வயலைப் போல நீர் நின்றுவிட்டால், நீரில் ரேடான் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே என்பதால், அது மேலே வர முடிவதில்லை. கோடையில் அதே களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ரேடானைப் பிடித்து அளக்கும் கலத்தை வெடிப்பின் மேல் கவிழ்த்தால் ஓர் எண்ணும், ஒரு சாண் தள்ளிக் கட்டியின் மேல் கவிழ்த்தால் வேறோர் எண்ணும் வரலாம். இரண்டையும் அளந்து, நாளையும் ஈரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். பாஸ்பேட் பாறையில் யுரேனியம் உண்டு என்பதால், சூப்பர் பாஸ்பேட்டோ டி.ஏ.பி.யோ இட்ட மேல்மண்ணை மட்டும் அள்ளி, அதை நிலத்தின் இயற்கை அளவு என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

திருச்சிப் பக்கத்துப் பாறையைப் பொடித்து அளந்த ரேடான் வெளியீடு முழுப் பாறையின் வெளியீடு ஆகாது, பொடிக்கும்போது புதிய பரப்புகள் திறந்துவிடுகின்றன. கடலோர மணலில் மோனசைட் என்னும் தோரியக் கனிமம் கலந்திருந்தால் தோரியத்திலிருந்து, ரேடானின் இன்னொரு வடிவமான தோரானும் வரும்; அதன் அரை ஆயுள் 55.6 நொடிதான் என்பதால், ஆல்பா துகள்களின் தடங்களைப் பதிவுசெய்து ரேடானை அளக்கும் எல்ஆர்-115 படலத்தை மணலிலிருந்து போதிய உயரத்தில் தொங்கவிட்டால், மேலேறுவதற்குள் தோரான் பெரும்பாலும் சிதைந்துவிடும்.