ஊர் சுற்றவும் ஓடவும் ஒரே பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு நண்பர் தன் பயணத் திட்டத்தை அனுப்பி, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். வெளிநாட்டில் அவர் ஓடப்போகும் முதல் மாரத்தான், பெர்லினில். மனைவியும் மகளும் கூடவே போகிறார்கள். வியாழன் இரவு இறங்குகிறார்கள். வெள்ளி காலை மியூசியம் ஐலேண்ட், மதியம் பெர்லின் சுவர் நினைவிடம். சனி காலை எக்ஸ்போவில் (ரேஸுக்கு முன் நடக்கும் கண்காட்சி) பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கிக்கொண்டு, மதியம் ஈஸ்ட் சைடு கேலரி, மாலையில் டிவி டவர். ஞாயிறு ரேஸ். திங்கள் காலை விமானம்.

படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. சில வருடங்களுக்கு முன் இதே ஊருக்கு, கிட்டத்தட்ட இதே திட்டத்தோடு நான் போயிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். புது ஷூ போட்டு ஓடாதே, ரேஸ் ஷூவைச் செக்-இன் பெட்டியில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதற்குள் போகவில்லை.

## 'நடைதானே' என்று நினைப்பது

நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர்கள் கடைசி இரண்டு மூன்று வாரம் டேப்பர் செய்வார்கள். அதாவது, ஓடும் கிலோமீட்டரை எண்ணி எண்ணிக் குறைப்பார்கள். ரேஸுக்கு முந்தின நாள் 3 கிலோமீட்டர் ஓடலாமா, 4 ஓடலாமா என்று என்னிடம் கேட்பார்கள். அதே ஆள் அதற்கு முந்தின நாள் 17 கிலோமீட்டர் நடந்திருப்பார், அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். கேட்டால், "அது நடைதானே" என்பார். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. நான்கு மாத உழைப்பை இரண்டு நாளில் தொலைக்க வைக்கும் பதில் இது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளியன்று 24,000 காலடி, சனியன்று 27,000 காலடி என்று வாட்ச் காட்டியது. கால் வலிக்கவில்லை. ஊர் அழகாக இருந்தது, வானம் தெளிவாக இருந்தது, நடந்துகொண்டே இருந்தோம். சனி இரவு சாக்ஸைக் கழற்றினேன். கணுக்காலுக்கு மேல் எலாஸ்டிக்கின் வரிகள் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குப் பதிந்திருந்தன. விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது. கால் வீங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டும் ஒன்றும் தோன்றாமல் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் 25 கிலோமீட்டர் வரை எல்லாம் சரியாகப் போனது. 28இல் இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது. 31இல் இரண்டு கால்களும் கட்டையாக இறுகிவிட்டன. பெர்லின் பாதை தட்டையானது, செப்டம்பர் கடைசியில் பெரும்பாலும் குளிராகவே இருக்கும். கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2018இலும் 2022இலும் மாரத்தான் உலக சாதனை படைத்தது அந்தப் பாதையில்தான். பாதையையோ வெயிலையோ நான் குறை சொல்ல முடியாது. 4 மணி நேரத்துக்குள் முடிக்கத் தயாராகிப் போனவன், கடைசி 9 கிலோமீட்டரில் பாதியை நடந்து, 4 மணி 41 நிமிடத்தில் முடித்தேன்.

ஊர் சுற்றும் நடை நாம் தினமும் நடக்கும் நடை இல்லை. அருங்காட்சியகத்தில் இரண்டு அடி வைத்து ஐந்து நிமிடம் நிற்கிறோம், மறுபடி இரண்டு அடி. நிற்கும் நேரம் முழுக்கக் கெண்டைக்கால் தசை உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் வேலை செய்கிறது. சீராக நடந்தால் அந்தத் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தமும் நீரும் காலிலேயே தேங்கும். தரையோ கல் அல்லது கான்கிரீட். உள்ளங்காலின் சின்னத் தசைகளும் களைக்கும், ஆனால் அவை வலியாக உடனே காட்டாது. போதாததற்கு, ரேஸுக்கு முந்தின இரண்டு நாள் தசையில் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்க வேண்டிய நாட்கள். சுற்றும்போது வேளைக்குச் சாப்பிட மாட்டோம், போதுமான தண்ணீர் குடிக்க மாட்டோம். சேர்ந்ததும் நடையிலேயே செலவாகும்.

பார்க்க வேண்டிய இடங்களில் பலவும் ரேஸ் பாதையிலேயே வருகின்றன என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பெர்லினில் வெற்றித்தூணைத் தாண்டித்தான் கிளம்புகிறோம். பிராண்டன்பர்க் வாசலுக்குள் புகுந்துதான் முடிக்கிறோம். காரே இல்லாத தெருவில், இருபுறமும் மக்கள் கைதட்ட, அந்த வாசலைப் பார்க்கப் போகிறோம். அதற்கு முந்தின நாள் நடந்துபோய்ப் பார்க்க என்ன அவசரம்?

சரி, வந்த ஊரில் அறைக்குள்ளேயே கிடக்க முடியுமா? முடியாது. உட்கார்ந்துகொண்டு பாருங்கள். பெர்லினில் 100ஆம் எண் பஸ்ஸின் மாடியில் ஏறினால் ஜூ நிலையத்திலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரை முக்கியமான பலவற்றைப் பார்த்துவிடலாம். சிகாகோவில் ஆற்றுப் படகில் போய் உயரக் கட்டிடங்களைப் பார்க்கலாம். லண்டனில் தேம்ஸ் படகு இருக்கிறது. கடைசி இரண்டு நாளில் எக்ஸ்போவையும் சேர்த்து நாளுக்கு 8,000 காலடிக்கு மேல் போவதில்லை, மதியம் இரண்டு மணிக்கு மேல் காலை நீட்டிப் படுத்துவிடுவது. இது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. அதற்கப்புறம் ஓடிய எந்த வெளியூர் ரேஸிலும் கெண்டைக்கால் பிடிக்கவில்லை.

ஜெட் லேக்குக்காக முன்கூட்டியே போகிறோமே என்பார்கள். போகத்தான் வேண்டும். நேர வித்தியாசத்தில் ஒவ்வொரு மணிக்கும் உடம்பு பழக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கடினம். ஆனால் முன்கூட்டிக் கிடைத்த நாட்களில் முதல் நாளை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் நடப்பது தூக்கம் சீராகவும் உதவும். கடைசி இரண்டு நாளைத் தொடாதீர்கள்.

## எக்ஸ்போவைச் சனிக்கிழமைக்குத் தள்ளுவது

சனிக்கிழமைதான் கூட்டம் அலைமோதும். லண்டனின் எக்ஸெல், சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ், பெர்லினின் பழைய டெம்பல்ஹாஃப் விமான நிலையம் எல்லாமே பிரம்மாண்டமான இடங்கள். வரிசையும் சுற்றலுமாக மூன்று மணி நேரம் நின்றே போய்விடும். திறந்த முதல் நாளே போய் பிப்பை வாங்கிவிட்டு வெளியே வாருங்கள். ரேஸ் அன்று காலை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், பெரிய ரேஸ்களில் அப்படித் தரமாட்டார்கள். லண்டனிலும் டோக்கியோவிலும் நீங்களே நேரில் போக வேண்டும்.

## ஸ்டார்ட் பக்கத்தில் ஹோட்டல் எடுப்பது

முடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் தொடங்கி சென்ட்ரல் பார்க்கில் முடிகிறது. பாஸ்டனில் ஹாப்கின்டன் என்கிற வெளியூரில் தொடங்கி நகருக்குள் முடிகிறது. ஸ்டார்ட்டுக்குப் போக பஸ்ஸோ படகோ இருக்கும். முடித்தபின் கால் இழுத்து நடக்கும் தூரம்தான் குறைய வேண்டும்.

## காலை நேரக் கணக்கு

நியூயார்க்கில் விடியுமுன் கிளம்பி, ஸ்டார்ட் இடத்தில் குளிரில் மணிக்கணக்கில் வெட்டவெளியில் உட்கார வேண்டியிருக்கும். ரேஸ் நடக்கும் நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அலாரத்தை இரண்டு முறை சரிபாருங்கள். கழற்றிப் போட்டுவிடக்கூடிய பழைய ஸ்வெட்டர் ஒன்றும், இரண்டாவது முறை சாப்பிட ஏதாவது ஒன்றும் கையில் வேண்டும்.

## மைல் பலகை

அமெரிக்க ரேஸ்களில் பலகைகள் மைலில் இருக்கும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் மைலுக்கு 9 நிமிடம் 39 விநாடி. உங்கள் பேஸை (ஓடும் வேகத்தை) மைலில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். சிகாகோவின் உயரக் கட்டிடங்களுக்கு நடுவே வாட்சின் ஜிபிஎஸ் தடுமாறும், பலகையைத்தான் நம்ப வேண்டும்.

## ஜெல்

ஓடும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல்லைக் கைப்பையில் வைத்தால், விமான நிலையச் சோதனையில் திரவக் கணக்கில் வரும்.

## அன்று இரவே விமானம்

வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு.

## ரேஸ் நடந்தே தீரும் என்று நம்புவது

2012இல் சாண்டி புயலுக்குப் பிறகு நியூயார்க் மாரத்தானை இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை ரத்து செய்தார்கள். பலர் ஏற்கெனவே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். 2007இல் சிகாகோவில் வெயில் தாங்காமல் பாதியிலேயே நிறுத்தினார்கள். பயணக் காப்பீட்டில் எதற்குப் பணம் திரும்பும், எதற்குத் திரும்பாது என்று டிக்கெட் போடும் முன்பே படித்துவிடுங்கள்.

## வீட்டாரிடம் கடைசி நேரத்தில் சொல்வது

"ரேஸ் அரை நாள்தான்" என்று சொல்லி அழைத்துப் போகிறோம். ஊருக்குப் போய், நான் வரவில்லை, படுக்கப் போகிறேன் என்றால் அவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ரேஸ் ஐந்து நாள் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முதல் இரண்டு நாள் அவர்கள் சுற்றட்டும், நீங்கள் இல்லாமல். ரேஸ் அன்று சாலைகளை அடைத்திருப்பார்கள், டாக்சி உதவாது, அவர்கள் சுரங்க ரயிலில்தான் இடம் மாற முடியும். முடித்தபின் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். அந்தக் கூட்டத்தில் ஃபோன் இணைப்பு கிடைக்காமல் போகலாம்.

நண்பரின் திட்டத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். பிப் வெள்ளி காலை, சனி மதியம் ஓய்வு, திரும்பும் விமானம் அடுத்த வியாழனுக்கு. மியூசியம் ஐலேண்ட் புதன்கிழமைக்குப் போயிருக்கிறது. திங்களன்று அங்கே பல அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை, அதனால் அன்று ஆற்றுப் படகு. டிவி டவர் செவ்வாய் மாலை, லிஃப்ட் இருக்கிறது. வெற்றித்தூணில் ஏற வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். 285 படி, லிஃப்ட் கிடையாது. மாரத்தானுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடை உயிரை எடுக்கும். அதை வெள்ளியன்று அம்மாவும் மகளுமாகப் போய்வரட்டும் என்று எழுதியிருக்கிறேன்.