சிலந்தி வாங்கும்போது அதன் தாயைப் பற்றிக் கேளுங்கள்

மழை விட்டதும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வர்த்தில் சுவரெல்லாம் சொங்கலோலோ ஊரும். பிள்ளைகள் அந்த மரவட்டைகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அன்றே எடுத்த இடத்தில் விட்டுவிட்டால் சரி. அதே பழக்கத்தில் பபூன் சிலந்தியையும் (மயிரடர்ந்த பெரிய சிலந்தி) தேளையும் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய தவறு.

கோடையில் வாசலுக்கு வரும் பபூன் சிலந்தி பெரும்பாலும் பருவமடைந்த ஆண். துணை தேடித்தான் வளையை விட்டு வந்திருக்கிறது. பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணுக்குப் பருவமடைந்தபின் சில மாதம், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருடம். டப்பாவில் அடைத்தால் அது சீக்கிரம் சாகும், பிறக்க வேண்டிய குஞ்சுகளும் போச்சு. ஹடோஜெனஸ் எனும் பாறைத் தேள்களின் கதை இன்னும் மோசம். அவை ஒட்டி வாழும் பாறையிடுக்கைக் கடப்பாரையால் நெம்பிவிட்டால், அந்த இடுக்கு மறுபடி உருவாகாது.

செரட்டோகைரஸ், ஹர்பாக்டிரா, டெரினோகிலஸ் ஆகிய பபூன் சிலந்தி வகைகளும் ஹடோஜெனஸ் தேள்களும் 2007-இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க அரசின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் உள்ளன. பிடிக்க, வைத்திருக்க, விற்க, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். வளர்ப்பில் பிறந்ததற்கு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், அதற்கும் வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வேலோவிடம் கேளுங்கள்.

அடுத்து, 'பெரிதாக இருக்கிறது' என்று வளர்ந்ததை வாங்குவது. நானும் அப்படி ஒன்று வாங்கினேன். வயது என்ன, எங்கே பிடித்தது என்று கேட்கவில்லை. சில வாரத்தில் தீனியைத் தொடவில்லை; வாயோரம் வெள்ளையாகப் பசை படிந்தது. உருளைப்புழு. அதற்கு மருந்து கிடையாது. தனியறையில் வைக்காமல் ஒரே இடுக்கியால் எல்லாவற்றுக்கும் தீனி கொடுத்திருந்தேன், அதனால் இன்னொன்றும் செத்தது. அந்த இரண்டாவது சாவு முழுக்க என் கையால் வந்தது.

'இங்கேயே பிறந்தது' என்ற சொல்லை அப்படியே நம்புவதும் தவறுதான். காட்டில் பிடித்த பெண் கருவோடு வந்து, விற்பவரின் பெட்டியில் முட்டைப்பை போட்டால், அந்தக் குஞ்சுகளையும் 'வளர்ப்பில் பிறந்தவை' என்றே விற்பார்கள். தகப்பனும் காட்டில்தான், தாயும் காட்டில்தான். அதை வாங்கும் ஒவ்வொருவரும் இன்னொரு தாயைத் தோண்டச் சொல்கிறார்கள். ஆகவே தாயும் தகப்பனும் யாரிடம் வளர்ந்தன, எப்போது சேர்த்தார்கள், குஞ்சு எத்தனை முறை தோலுரித்தது என்று கேளுங்கள். தானே சேர்த்து வளர்த்தவர் ஆசையாக உட்கார்ந்து சொல்வார். உரித்த தோலையும் எடுத்துக் காட்டுவார். பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள்.

அப்புறம், தோட்டத்து வெட்டுக்கிளியைத் தீனியாகப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம்.

வளர்க்க முடியாமல் போனால் பக்கத்திலிருக்கும் சில்வர்கிளென் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் நீலக்கால் ஹர்பாக்டிராவுக்கு அது ஊர் அல்ல. நம் பெட்டியிலிருந்த புழுவும் சிற்றுண்ணியும் அங்கிருக்கும் சிலந்திகளுக்குத் தொற்றும். அனுமதியுள்ள வேறொரு வளர்ப்பாளரிடம், பெற்றோர் விவரம் எழுதிய சீட்டோடு கொடுங்கள்.