மாரிக்கு முதல் நமக்கெண்டு ஒரு டெங்கு டாஷ்போர்ட்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இருக்கிறவங்க டெங்கு நிலவரம் பாக்க முழு இலங்கைக் கிராபை மட்டும் நம்பி இருக்காதீங்க. அதுல கொழும்பு, கம்பஹா கணக்குத்தான் பெருசா நிக்கும், அங்க வழக்கமா ஜூன், ஜூலையில ஒரு ஏத்தம் வரும், நமக்கு வாடைக்காத்து மழையோட டிசம்பர், ஜனவரியிலதான் ஏறும். நாடு முழுக்கக் குறையுது எண்டு நியூஸ் வாற நேரம் நம்ம ஊர்ல தொடங்கியிருக்கும். அதால நம்ம மாவட்டத்துக்கு எண்டு கூகுள் ஷீட்டில ஒரு டாஷ்போர்ட் (நிலவரத்தை ஒரே பக்கத்துல காட்டுறது) போட்டு வச்சிருங்க, காசு ஒண்டும் தேவையில்ல.

கணக்கு எடுக்கிறது சுகாதார அமைச்சின்ட தொற்றுநோயியல் பிரிவு கிழமைக்குக் கிழமை போடுற அறிக்கையிலிருந்து. அதுல ஏ எண்ட கொலம் அந்தக் கிழமை வந்த நோயாளிகள், பி வருஷம் தொடங்கினதில இருந்து மொத்தம், உங்களுக்கு வேண்டியது ஏ. அம்பாறை ஆக்கள் ஒண்டைக் கட்டாயம் கவனிக்கணும், அம்பாறை எண்ட வரியில அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, பொத்துவில் எல்லாம் வராது, அதெல்லாம் கல்முனை எண்டு தனி வரியில இருக்கு. ரெண்டையும் வேற வேறயாவே வச்சுப் பாருங்க, கரையோரமும் உள்பக்கமும் ஒரே மாதிரிப் போறதில்ல.

அடுத்தது சிவப்புக் கோடு, அதாவது எச்சரிக்கை எல்லை. போன 5 வருஷத்துல அதே கிழமை, அதுக்கு முந்தின கிழமை, பிந்தின கிழமை மூண்டுக்கும் சராசரி எடுத்து, அந்தக் கணக்குகள்ட நியம விலகலை (சராசரியிலிருந்து எவ்வளவு கூடிக் குறையுது எண்டு காட்டுற அளவு) ரெண்டு மடங்காக்கி அந்தச் சராசரியோட கூட்டுங்க, இந்தக் கிழமைக் கணக்கு அதைத் தாண்டினா வழமைக்கு மாறா ஏறுது எண்டு எடுக்கலாம். 2017ல நாடு முழுக்க 186,000க்கு மேல ஆக்களுக்கு வந்தது, அப்பிடி ஒரு வருஷத்தைச் சேத்தா கோடு எங்கயோ மேல போயிரும், பிறகு உண்மையா ஏறினாலும் காட்டாது, அதை எடுத்துருங்க. கொரோனா நேரத்து 2020, 2021ல நாடு முழுக்கப் பாத்தா கணக்குக் குறைவு, நம்ம மாவட்டத்துலயும் அப்பிடிக் குறைவா இருந்தா அது கோட்டைக் கீழ இழுத்துரும்.

முன்கூட்டிச் சொல்றதுக்கு மழை வேணும். முட்டை நுளம்பாக ஒரு 7 - 10 நாள், வைரஸ் நுளம்புக்குள்ள வளர 8 - 12 நாள், கடிச்சு காய்ச்சல் வர 4 - 10 நாள், இதுக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, அறிவிப்பு எல்லாம். அதால இந்தக் கிழமை மழையை இந்தக் கிழமை கேஸோட வச்சுப் பாத்து ஒண்டும் விளங்காது, மழைக் கொலத்தை 4, 6, 8 கிழமை எண்டு கீழ தள்ளித் தள்ளி எது நம்ம ஊருக்குப் பொருந்துது எண்டு பாருங்க. மழையையும் சனி தொடங்கி வெள்ளி வரைக்கும் கூட்டணும், அறிக்கையில கிழமை அப்பிடித்தான். வெள்ளம் அடிச்சா குடம்பியையும் (நுளம்புப் புழு) அள்ளிட்டுப் போயிரும், ஆனா வெள்ளம் வடிஞ்ச பிறகு வாளி, டயர், சிரட்டை, அடைபட்ட பீலியில நிக்கிற தண்ணிதான் ஆபத்து, அந்தக் கிழமையை ஷீட்டில குறிச்சு வைங்க.

கடைசிக் கிழமை சட்டெண்டு இறங்கினா உடன சந்தோஷப்படாதீங்க. அறிக்கையில பக்கத்துலயே அந்த மாவட்டத்து அறிவிப்புகள்ல எத்தனை வீதம் நேரத்துக்கு வந்திருக்கு எண்டு போட்டிருக்கும், அது குறைவா இருந்தா கணக்கு இன்னும் வந்து சேரல்ல, அவ்வளவுதான்.

கோடு தாண்டினா பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குக் காட்டுங்க, பள்ளிவாசல், கோயில், ஸ்கூல் ஆக்களோட சேந்து சிரமதானத்தை அந்தக் கிழமையே வைங்க. வாட்ஸ்அப்ல கிராப் போடுறண்டா எந்தக் கிழமைக் கணக்கு எண்டு மேல எழுதிப் போடுங்க, நோயாளிர பேர், வீடு, ஒழுங்கை ஒண்டும் அதுல வரக்கூடாது.