பசி ஒழிப்பு உலக வரலாறு நம்ம டெல்டாவுக்கு எப்படி வந்துச்சுன்னு தேடுறது எப்படி

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கோ சும்மா ஊர் வரலாறு எழுதவோ இந்த டாபிக் எடுக்குறவங்க முக்காவாசி பேரு 1945ல எஃப்ஏஓ (ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு), 1961ல உலக உணவுத் திட்டம், 1974ல ரோம்ல நடந்த உலக உணவு மாநாடு, அதுலேர்ந்து 1977ல ஐஃபாட் (கிராமத்து விவசாயத்துக்குக் கடன் குடுக்குற ஐ.நா. நிதி அமைப்பு)னு வருஷத்தை அடுக்கிட்டு கடைசி பாராவுலதான் தஞ்சாவூருக்கே வர்றாங்க, அதுக்குள்ள படிக்கிறவன் தூங்கிடுவான். தலைகீழா பண்ணுங்க. ஊர்ல என்ன நெல்லு போட்டாங்க, கூலி எத்தனை படி அளந்தாங்க, இந்த ரெண்டையும் புடிச்சா ரோமும் மணிலாவும் தானா வந்து சேரும்.

முதல்ல நெல்லு. வயசானவங்ககிட்ட "பசுமைப் புரட்சி பத்தி சொல்லுங்க தாத்தா"ன்னு கேக்காதீங்க, பேப்பர்ல படிச்சதத்தான் திருப்பிச் சொல்வாரு. "ஏடிடி 27க்கு முன்னாடி குறுவைக்கு என்ன போட்டீங்க, உரம் எங்க வாங்குனீங்க"ன்னு கேட்டுப் பாருங்க, அப்பறம் நிறுத்தவே மாட்டாரு. ஏடிடி 27 ஆடுதுறைல வந்த ரகம்தான், ஆனா அதோட பூர்வீகம் எஃப்ஏஓ உதவியோட ஒடிசா கட்டாக்ல நடந்த ஒட்டு வேலை, நம்ம ஜிஇபி 24 ரகத்தையும் ஜப்பான் நெல்லையும் சேத்தது. ஐஆர் 8 ரகம், 1966ல பிலிப்பைன்ஸ்ல மணிலாவுக்குப் பக்கத்துல இருக்குற இர்ரி (சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்) விட்டது, அந்த இர்ரிய ஆரம்பிச்சு வச்சது ஃபோர்டு, ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷனுங்க. பின்னாடி 1982லேர்ந்து 88 வரைக்கும் அங்க தலைமைப் பொறுப்புல இருந்தவரு நம்ம கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன்.

அடுத்து பேக்கேஜ் திட்டம். 1959ல ஃபோர்டு ஃபவுண்டேஷன் குழு ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, அத வச்சு 1960-61ல நாடு முழுக்க முதல்ல எடுத்த ஏழு ஜில்லாவுல தஞ்சாவூர் ஒண்ணு, லூதியானா இன்னொண்ணு. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒண்ணா குடுக்கறது. ஏன் நம்ம ஜில்லான்னா, ரொம்ப ஏழைங்கன்னு இல்ல, வாய்க்கா தண்ணி உறுதி, போட்ட காசுக்கு விளைச்சல் சீக்கிரம் ஏறும்ங்கற கணக்கு. இத கட்டாயம் எழுதுங்க, நிறைய பேர் விட்டுடுறாங்க. பழைய ரிப்போர்ட்ல தஞ்சாவூர்னா இன்னிக்கு இருக்குற திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாம் சேத்துதான், 1991லேர்ந்துதான் இதுங்க தனித்தனியா பிரிய ஆரம்பிச்சது, அதனால நம்பர ஒப்பிடும்போது பாத்து.

அப்பறம் கூலி. நெலம் வச்சிருந்தவங்க திண்ணையில மட்டும் உக்காந்து கேட்டுட்டு வந்தா பாதி கதைதான் கெடைக்கும், காலனிக்கும் போங்க, நடவு நட்ட அம்மாங்ககிட்ட கேளுங்க. விளைச்சல் ஏறினா பசி தானா போயிடும்னு மேல உக்காந்து பேசிக்கிட்டிருந்த அதே நேரத்துல, கூலி நெல்லு தகராறு முத்திப்போய் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில 44 பேர எரிச்சுக் கொன்னாங்க. அதுக்கப்பறம்தான் 1969ல விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். இந்த இடத்துல எடுத்த உடனே போன நீட்டி ரெகார்ட் பண்ணாதீங்க, கேட்டுட்டு பண்ணுங்க, வேணாம்னா விட்டுடுங்க.

பள்ளிக்கூடத்துல மதியம் என்ன சாப்பிட்டீங்கன்னும் ஒரு கேள்வி வைங்க. 1961லேர்ந்து கேர்ங்கற அமெரிக்கத் தொண்டு அமைப்பு மதிய உணவுக்கு பொருள் குடுத்துச்சு, அமெரிக்கா 1954ல போட்ட பிஎல் 480ங்கற உணவு உதவிச் சட்டத்துல வந்த உணவுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு, கோதுமை உப்புமா பால் பவுடர்னு யாராச்சும் சொன்னா அங்கேர்ந்து நூல் புடிக்கலாம்.

மகளிர் குழு இருக்குற ஊர்னா குழுவோட பழைய மினிட்ஸ் நோட்ட பாருங்க. ஐஃபாட் உதவியோட 1989ல தருமபுரில ஆரம்பிச்ச மகளிர் குழு வேலை பின்னாடி மகளிர் திட்டமா பரவுச்சு, சுனாமிக்கப்பறம் நாகை கரையோரமும் ஐஃபாட் காசு வந்துச்சு. ஐஃபாட், உலக வங்கி மதிப்பீட்டு ரிப்போர்ட்டெல்லாம் அவங்க சைட்லயே ஃப்ரீயா கெடைக்குது, ஆனா ஊர்ல பேசி முடிச்சிட்டு அப்பறமா படிங்க, இல்லன்னா ரிப்போர்ட்ல இருக்குற கேள்வியத்தான் நீங்களும் கேப்பீங்க. ஊர்ல சொன்னதும் ரிப்போர்ட்ல இருக்குறதும் முட்டுற எடத்துல ஒண்ணை அழிச்சுடாதீங்க, யாரு என்ன சொன்னாங்கன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிடுங்க.